பயணம் போகிறவர்கள் சாப்பிடும் கடை

வெளிநாடு போகிறவனை எங்கள் பக்கத்தில் லேசில் அனுப்பிவிட மாட்டார்கள். டிக்கெட் போட்ட நாளிலிருந்து வண்டி ஏறும் நாள்வரை சொந்தக்காரர்கள் வீடு வீடாகக் கூப்பிட்டு ஆக்கிப் போடுவார்கள். ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டை விட்டுவிட்டால் அது ஆயுசுக்கும் மனத்தாங்கல். நான் ராமநாதபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். துபாய், கத்தார் என்று கிளம்புகிறவர்கள் கம்பெனி மெடிக்கலுக்கு முன்னால் ஒரு பயத்துக்கு எங்களிடம் வந்து ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். இருபத்தைந்து வயதுக்காரனுக்குக் கொழுப்பு எகிறிக் கிடந்தால், "இதுவரைக்கும் எத்தனை வீட்டு விருந்து?" என்றுதான் முதலில் கேட்பேன். வெட்கப்பட்டுக்கொண்டே விரல்விட்டு எண்ணுவார்கள்.

இந்த வழக்கத்துக்குள் ஒரு தாய்லாந்துக் கடை நுழைந்துகொண்டது. எங்கள் லேபுக்கு நேர் எதிரே, ரயிலடிக்குப் போகிற சாலையில், ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த செருப்புக் கடையை ஒருவர் வாடகைக்குப் பிடித்தார். வெளியே தகரக் கொட்டகை, ஆறு மேசை, சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்கள். உள்ளே ஒரே ஒரு பெரிய இரும்புச் சட்டி, அதற்குக் கீழே இரைச்சல் போடுகிற அடுப்பு, பக்கத்தில் ஒரு மர உரல். ராமேஸ்வரம் போகிற டூரிஸ்ட்டுகள் இறங்கிச் சாப்பிடுவார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். டூரிஸ்ட்டுகள் இட்லியைத் தேடிப் போனார்கள். எங்கள் ஆட்கள்தான் வந்தார்கள். பயணம் போகிறவனின் நாக்கைப் பழக்குவதற்காக.

யார் தொடங்கிவைத்தார்களோ தெரியவில்லை. "அங்கன போயி சாப்பாடு ஒத்துக்காம கெடக்காத, இங்கனயே ரெண்டு தரம் தின்னு பழகிக்க" என்று சொல்லிக் கூட்டி வருவார்கள். மலேசியா போகிறவனையும் கூட்டி வந்தார்கள், சவூதிக்குப் போகிறவனையும் கூட்டி வந்தார்கள். சவூதியில் எவன் எலுமிச்சைப் புல் போட்டு இறால் சாறு கொடுக்கிறான் என்று யாரும் யோசிக்கவில்லை. வெளிநாட்டுச் சாப்பாடு என்றால் எல்லாம் ஒன்றுதான். ஆக, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்த ஸ்டூல்களில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் கிளம்பப் போகிறவர்கள், மீதிப் பேர் அவர்களை அனுப்பப் போகிறவர்கள். கடைக்காரர் அடுப்புக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு மேசையாகப் பார்ப்பார். அந்தப் பார்வை எனக்குப் பிடித்ததே இல்லை. சாப்பாடு எப்படியிருக்கிறது என்று பார்க்கிற பார்வை இல்லை அது.

சாப்பாடு என்னவோ அருமை. நானும் என் தம்பியும் வாரத்துக்கு இரண்டு நாள் அங்கே இருப்போம். எங்கள் அய்யாவும் அம்மாவும் உத்தரகோசமங்கை பக்கம் ஊரில், மிளகாய் விவசாயம். தம்பி படித்துவிட்டுச் சும்மா இருந்தான், என்னோடு டவுனில் தங்கியிருந்தான். அய்யாவின் குண்டு மிளகாயை நான்தான் முதலில் கடைக்காரருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பப்பாளிக் காயை மெல்லிசாகச் சீவி, காய்ந்த இறால், வறுத்த கடலை, தக்காளி, எலுமிச்சம்பழம் எல்லாம் உரலில் போட்டு லேசாக நசுக்கித் தருவார். நசுக்குவதற்கு முன்னால் நிமிர்ந்து பார்த்து, "எத்தனை மிளகா?" என்பார். தம்பி ஐந்து என்பான். நான் மூன்று. கண்ணில் தண்ணீர் வரும், மூக்கு ஒழுகும், இன்னொரு தட்டு கேட்போம்.

இன்னொன்று, கோழியைப் பொடியாகக் கொத்தி, பூண்டும் மிளகாயும் சேர்த்துப் பெரிய தீயில் வதக்கி, கைநிறையப் பச்சிலையைப் போட்டுப் பிரட்டிச் சோற்றின் மேல் கொட்டி, ஓரம் முறுகிய முட்டையை மேலே வைத்துத் தருவார். அம்மா ஒரு தரம் டவுனுக்கு வந்தபோது வாசனை பிடித்துவிட்டு, "துளசியக் கோழியில போடுறவன் கடையில நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்று எழுந்துவிட்டாள். கடைக்காரர் பின்பக்கம் போய் ஒரு பெயின்ட் வாளியைத் தூக்கி வந்தார். அதில் வளர்ந்து நின்ற செடியைக் காட்டி, "ஆத்தா, இது திருநீத்துப் பச்சிலை. துளசி இல்ல. நானும் சாமி கும்பிடுறவந்தான்" என்றார். அவர் சாமி மாதா. கல்லாவுக்கு மேலே படம் மாட்டியிருந்தார். அம்மா கிள்ளி மோந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். முட்டையை மட்டும் தின்றாள்.

அவர் ராமேஸ்வரம் தீவுக்காரர், மீன்பிடிக் குடும்பம். தாய்லாந்தில் ரோட்டோரக் கடை ஒன்றில் மூன்று வருஷம் நின்று இதையெல்லாம் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். அந்த ஊரைப் பற்றிக் கேட்டால், "நல்ல ஊரு, நல்ல சனம்" என்பார். அதற்கு மேல் பிடுங்கினாலும் வராது. ஆனால் அவரைப் பற்றி ஒரு விஷயம் ஊருக்கே தெரியும். தீவிலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மா ஒருத்தி சொல்லிப் பரப்பியது. அவர் திரும்பி வந்து பாம்பனில் இறங்கியபோது கையில் ஒரு ஜவுளிக்கடைப் பைதான் இருந்ததாம்.

இது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவனின் முகத்தை நாங்கள் அப்புறம்தான் பார்ப்போம். முதலில் கண் பெட்டிக்குப் போகும். கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிய அட்டைப்பெட்டி எத்தனை, போர்வை வந்ததா, தைலம் வந்ததா, சோப்பு எத்தனை டஜன். பெட்டி கனமாக இருந்தால் அவன் பேச்சும் கனம். அவன் மழை வரும் என்றால் குடை எடுப்போம். ஜவுளிக்கடைப் பையோடு வந்தவன் பேச்சை யார் கேட்பது? அவன் கையில் சட்டியைப் பிடித்து நன்றாகச் சமைக்கட்டும், சாப்பிடுவோம். அவ்வளவுதான்.

தம்பிக்குத் தாய்லாந்தில் வேலை என்று ஒரு ஏஜென்ட் வந்தான். வெள்ளைச் சட்டை, ஒரு மணிக்கொருதரம் அடிக்கிற இரண்டு போன். முதல் தடவை வந்தபோதே அய்யாவுக்கு ஒரு சென்ட் பாட்டில், அம்மாவுக்கு மூன்று தைல டப்பா. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டைப் அடிக்கிற வேலை, ஏசி, தங்க இடம், சாப்பாடு எல்லாம் கம்பெனி பொறுப்பு என்றான். அய்யா அந்த பாட்டிலைப் பிரிக்காமலேயே பீரோவில் வைத்தார்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "மெடிக்கல் எங்க எடுக்கணும்?"

"மெடிக்கலே வேணாங்கக்கா. டூரிஸ்ட் விசாவுல போயி எறங்குனாப் போதும், மத்ததக் கம்பெனி பாத்துக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. பத்து வருஷமாகப் பயணக்காரர்களுக்கு ஊசி குத்துகிறேன். ஆளை வேலைக்கு எடுக்கிற எந்தக் கம்பெனியும் அவன் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று படம் எடுத்துப் பார்க்காமல் எடுத்ததில்லை. உடம்பு எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்கிறவனுக்கு எதற்கு இந்த ஆள்? இந்தக் கேள்வி என் வாய்வரை வந்தது. சரி, நல்ல நேரம், ஒரு செலவு மிச்சம் என்று நானே அதை முழுங்கிவிட்டேன். மறுநாள் தம்பியை லேபுக்கு வரச்சொல்லி என் கையாலேயே ரத்தம் எடுத்தேன். எல்லாம் நார்மல். அந்த ரிப்போர்ட் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது ஏஜென்ட் டிக்கெட் கொடுக்க ராமநாதபுரம் வந்தான். நாங்கள் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தோம். வந்து சாப்பிடுங்க என்று தம்பி கூப்பிட்டதற்கு, பைக்கை விட்டு இறங்காமலே, "அந்தச் சாப்பாட்டைப் பத்து வருசமாத் தின்னு அலுத்துப்போச்சு தம்பி" என்றான். கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார். நல்ல மரியாதையாகத்தான் கேட்டார்.

"பத்து வருசம்னா எல்லாந் தெரியுமே. கோழியும் பச்சிலையும் போட்டு முட்டை வச்சுத் தாற சோறு, அங்கன தெருவுக்குத் தெரு விப்பான். அதுக்கு அங்கன பேரு என்னண்ணே?"

ஏஜென்டுக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்தது. அல்லது வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டான். டிக்கெட்டைத் தம்பி கையில் திணித்துவிட்டுப் போய்விட்டான். கடைக்காரர் அவன் போன திசையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் ரோட்டோரத்திலேயே நின்றார். சட்டியில் முட்டை கருகும் வாசனை எங்களுக்கு வந்தது. அவர் முட்டையைக் கருகவிட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

திரும்பி வந்தவர் நேராக எங்கள் மேசைக்கு வந்தார். எந்த ஊரில் இறங்கி எங்கே போகச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டார். தம்பி போனில் வந்திருந்ததைக் காட்டினான். ஏர்போர்ட்டில் வண்டி நிற்கும், ஏழெட்டு மணி நேரம் ரோட்டிலேயே போகணும் என்று இருந்தது.

"ஆத்துப் பக்கமாவா?"

"தெரியலண்ணே. எல்லை ஊருன்னு சொன்னாரு."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "போகாத" என்றார். "அங்கன ஒரு ஆறு இருக்கு. அதத் தாண்டுனா வேற நாடு. தாண்டுன ஒடனே பாஸ்போட்ட வாங்கிருவாங்கெ. சுத்திக் காம்பவுண்டு, வாசல்ல துப்பாக்கி. பதினாறு மணி நேரம் உக்கார வச்சு, முன்னப்பின்ன தெரியாத சனத்துக்கிட்ட நைசாப் பேசி ஏமாத்தச் சொல்லுவாங்கெ. முடியாதுன்னா அடி. கொஞ்ச நா கழிச்சு ஊருக்குப் போனப் போட்டு ஆளக் கூப்புடச் சொல்லுவாங்கெ. சாப்பாடு நல்லாருக்கு, உக்காந்த வேலைதான், வந்துருன்னு சொல்லணும். நம்ம ஆளு ஒருத்தன் வந்து சேந்தாத்தான் நம்மள விடுவாங்கெ."

தம்பியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அவன் பயந்துவிட்டான், எனக்குத் தெரிந்தது. பிறகு அவன் கேட்டான், "அப்புறம் நீங்க மட்டும் எப்படிண்ணே வந்தீங்க?"

கடைக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு எழுந்துபோய் அடுப்பைப் பெரிதாக்கிவிட்டார். அந்த இரைச்சலில் யாரும் எதுவும் பேச முடியாது.

வீட்டுக்கு நடந்து போகும்போது தம்பி, "ஏக்கா, நான் போகலன்னு சொல்லிரட்டா?" என்றான். நான் அப்போது சொன்னதை இன்றுவரை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. "வெறுங்கையோட வந்தவன் பேச்சு. வயித்தெரிச்சல்ல பேசுறான். நீ மனசக் கொழப்பிக்காத." இதுதான். மூன்று வாக்கியம். அய்யா சொல்லவில்லை, அம்மா சொல்லவில்லை, அந்த ஏஜென்ட்கூடச் சொல்லவில்லை. போகாமல் நின்றுவிடப் பார்த்தவனை நான்தான் அனுப்பினேன்.

கிளம்புகிற அன்று சாயங்காலம் அவனுக்குக் கடைசியாக ஒரு தட்டுச் சாப்பிட ஆசை. கடைக்காரர் எத்தனை மிளகாய் என்று கேட்கவில்லை. தம்பியின் முகத்தையே பார்க்கவில்லை. தட்டை வைத்துவிட்டுப் போனார். கொஞ்சம் சோற்றை மீதி வைத்து எழுந்தான் அவன். அப்படி வைக்கிறவன் இல்லை.

போய்ச் சேர்ந்த அன்றைக்கு ஒரு மெசேஜ் வந்தது. அப்புறம் இல்லை. ஏஜென்ட், "டவர் இல்லாத எடம்க்கா" என்றான். பிறகு, "ட்ரெயினிங் நடக்குது" என்றான். பிறகு அவன் நம்பரே இல்லை. அய்யா வாரத்துக்கொரு தடவை ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து லேப் வாசலில் நிற்பார். உள்ளே வரமாட்டார். நான் கண்ணாடி வழியாகத் தலையை ஆட்டினால், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். அந்தக் கடைக்கு நான் போவதை நிறுத்திவிட்டேன். எதிரில்தான் இருக்கிறது, சத்தம் கேட்கிறது, வாசனை வருகிறது. சாயங்காலம் ஆனால் ஸ்டூல்களில் புதுப் பயணக்காரர்கள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார்மேல் என்றுதான் தெரியாது.

மூன்றாவது மாதம், ஒரு மத்தியானம், டிபன் பாக்ஸைத் திறக்கும்போது போன் வந்தது. புது நம்பர்.

"அக்கா, நல்லாருக்கேன்" என்றான். அவன் என்னை 'ஏக்கா' என்றுதான் கூப்பிடுவான். பள்ளிக்கூடத்துப் பையன் பாடம் ஒப்பிக்கிற குரலில் சொல்லிக்கொண்டே போனான். "சாப்பாடு நல்லாருக்கு. உக்காந்த வேலைதான். ஏசி. இங்க இன்னும் ஆள் எடுக்குறாங்க. நமக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா அனுப்பி விடுக்கா."

என் கையில் இருந்த மூடி கீழே விழுந்து உருண்டு போனது. கடைக்காரர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை அப்படியே வருகிறது. "யாரடா அனுப்ப?" என்றேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

பின்னால் யாரோ அதட்டுவது கேட்டது. அவனோடு படித்தவர்கள் இருக்கிறார்கள், பெரியப்பா மகன் சும்மா இருக்கிறான், எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். அந்த ஒரு மூச்சு நேரத்தில் எத்தனை முகம் அவன் கண்ணுக்குள் வந்து போனதோ. பிறகு சொன்னான்.

"நம்ம லேபுக்கு எதுத்தாப்புல கடை போட்டிருக்காருல்ல, அந்த அண்ணன அனுப்பி விடுக்கா. அவருன்னா சரியா இருக்கும். அவருகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

போன் நின்றுவிட்டது. நான் செருப்பைக்கூட மாட்டாமல் ரோட்டைத் தாண்டி ஓடினேன். ஒரு ஆட்டோக்காரர் என்னை வைது தீர்த்தார்.

கடைக்காரர் பப்பாளி சீவிக்கொண்டிருந்தார். தம்பி சொன்னதை அப்படியே சொன்னேன். முழுதும் கேட்டார். கத்தியை வைத்தார். அடுப்பை அணைத்தார். அந்த அடுப்பு அணைந்தால் கடை எவ்வளவு அமைதியாகிவிடுகிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஒருத்தனையும் குடுக்கல" என்றார். "பாத்தியா தங்கச்சி, ஒருத்தனையும் குடுக்கல. வரவே மாட்டான்னு தெரிஞ்ச ஆளாப் பாத்து என் பேரச் சொல்லிட்டான்."

பிறகு அவரே, நான் கேட்காமல், மாதா படத்தைப் பார்த்தபடி சொன்னார். "நீங்க மட்டும் எப்படி வந்தீங்கன்னு கேட்டான்ல. ரோட்டுக் கடையில நின்னவன், கூடச் சம்பளம்னு நம்பி அந்த ஆத்தத் தாண்டி மாட்டிக்கிட்டேன். எங்க சித்தி மவன். நாந்தான் கூப்புட்டேன். சாப்பாடு நல்லாருக்குடா வாடான்னேன். அவன் வந்து எறங்குன மறுநா என்னைய விட்டாங்கெ. அவன் இன்னும் வரல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த உரலைத் தூக்கிப் போட்டிருப்பேன். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா என் தம்பி போயிருக்க மாட்டான்" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை என்றார். சித்தியிடமே சொல்லவில்லையாம். அந்த அம்மா இன்னும் மகன் வேலையில் இருப்பதாகத்தான் தீவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். முகத்தில் முழிக்க முடியாமல்தான் இவர் ராமநாதபுரத்துக்கு வந்து கடை போட்டிருக்கிறார். வந்த இடத்தில் தினமும் கிளம்புகிறவர்கள் எதிரில் வந்து உட்கார்ந்தால் அந்த மனுஷன் என்ன பாடுபட்டிருப்பார்.

கத்தி முடித்ததும் நான் என் பங்கைச் சொன்னேன். வயிற்றெரிச்சலில் பேசுகிறீர்கள் என்று நான்தான் தம்பியிடம் சொன்னேன் என்றேன். "தெரியும் தங்கச்சி. எல்லாரும் அதான் சொல்றாக" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை ரொம்ப வருத்தியது.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸுக்கு மனு எழுதிக்கொண்டு போனோம். நான், அய்யா, கடைக்காரர். அந்த இடம் எங்கே, ஆற்றை எந்தப் பக்கம் தாண்டினார்கள், காம்பவுண்டு எப்படி இருக்கும் என்று எல்லாவற்றையும் அவர் சொன்னார். தம்பி பெயரை எழுதிய பிறகு இன்னொரு தாளை வாங்கி, சித்தி மகன் பெயரையும் எழுதினார். அவனை யார் கூப்பிட்டது என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். பேனா அந்த இடத்தில் தாளைக் கிழித்துவிட்டது.

மனு விசாரணைக்கு ஆள் போய் விஷயம் தெரிந்து, அந்த வாரமே அவருடைய சித்தி தீவிலிருந்து பஸ் ஏறி வந்தார். நான் லேப் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கடை வாசலில் நின்றார். வைவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். கடைக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றார். பிறகு முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். மூன்று நாள் கடை திறக்கவில்லை.

தம்பி வந்துவிட்டான். எத்தனையோ கையெழுத்து, எத்தனையோ போன், எட்டு மாதம். சென்னையிலிருந்து ரயிலில் வந்தான். பிளாட்பாரத்தில் அய்யா, அம்மா, பெரியப்பா வீட்டு ஆட்கள் எல்லோரும் நின்றோம். பெட்டிக் கதவில் அவன் தெரிந்தான். உயிரோடு வந்தால் போதும் என்று எட்டு மாதமாக எல்லாச் சாமியையும் கும்பிட்டவள் நான். எல்லாம் தெரிந்தவள். சத்தியமாகச் சொல்கிறேன், என் கண் முதலில் அவன் கைக்குத்தான் போனது. ஒரு பாலிதீன் பை. அதில் ஒரு சட்டையும் சார்ஜரும். நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.

"ஒண்ணும் கொண்டாரலக்கா" என்றான்.

கடைக்காரரின் சித்தி மகன் இன்னும் வரவில்லை. அந்தத் தாளுக்கு இன்னும் பதில் இல்லை. அவர் ஒவ்வொரு திங்கள்கிழமையும் கடையை மத்தியானம்வரை மூடிவிட்டுப் போய்க் கேட்டுவிட்டு வருகிறார்.

தம்பி முதலில் அந்தக் கடைப் பக்கம் வரமாட்டேன் என்றான். பச்சிலை வாசனையே ஆகவில்லை அவனுக்கு. அப்புறம் மெல்ல மெல்ல வந்தான். இப்போது மறுபடியும் வாரத்துக்கு இரண்டு நாள் நாங்கள் அங்கே இருக்கிறோம். அவன் இரண்டு மிளகாயோடு நிறுத்திக்கொள்கிறான்.

போன மாதம் ஒரு சாயங்காலம் பக்கத்து மேசையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. கழுத்தில் புது மஞ்சள் கயிறு. அவள் தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். தின்னு பழகிக்கங்க என்றாள். எந்த ஊருக்குப் பயணம் என்று கேட்டேன். சொன்னான். மெடிக்கல் எங்கே எடுத்தீர்கள் என்றேன்.

"மெடிக்கலே வேணான்னுட்டாகக்கா" என்றான். அதிர்ஷ்டம் அடித்தவன் மாதிரி சிரித்தான்.

கடைக்காரரின் கை சட்டியின் மேல் நின்றது. அவர் அடுப்பை விட்டு வருவதற்கு முன்னால் என் தம்பி எழுந்துவிட்டான். அவர்கள் மேசைக்குப் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். என்னிடம் சொல்லாததைக்கூடச் சொன்னான். தண்ணீர் கொடுக்காமல் போட்டு வைத்த அறையைச் சொன்னான். போன் பேசும்போது பின்னால் நின்றவன் கையில் என்ன இருந்தது என்று சொன்னான். அந்தப் பையன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவ்வளவு சொன்ன பிறகு எவன் போவான்?

அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "வரும்போது என்ன கொண்டாந்தீங்கண்ணே?"

"ஒண்ணும் கொண்டாரலம்மா."

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். கை கழுவ எழுந்தார்கள். குழாய் எங்கள் மேசைக்குப் பின்னால்தான். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருப்பாள்.

"வெறுங்கையோட வந்தவுக பேச்சு. வயித்தெரிச்சல்ல பேசுறாக. நீங்க மனசக் கொழப்பிக்காதீக."

நான் ரோட்டுவரை அவர்கள் பின்னால் ஓடினேன். பைக்கின் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, இதையேதான் நானும் என் தம்பிகிட்டச் சொன்னேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "சரிங்கக்கா" என்றாள், நகர்ந்து நிற்கச் சொல்கிற குரலில். வண்டி கிளம்பிவிட்டது.

திரும்பி வந்தேன். கடைக்காரர் உரலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார், எதையும் நசுக்காமல். தம்பி எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்திருந்தான். குழாயடியில் அவள் சொன்னது அவனுக்கும் கேட்டிருக்கிறது. இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான்.